முழு டேப்புக்கும் நேத்து டேப்புக்கும் நடுவே

ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் வெயில் கொட்டிக் கிடந்தது. பிரசவ வார்டின் ஜன்னலோரக் கட்டிலில் தங்கை சாய்ந்திருந்தாள். அவள் மார்பின் மேல் ஒரு சின்னத் துணிப்பொட்டலம் மாதிரி, நேற்றுப் பிறந்த பெண் குழந்தை. இரண்டு முறை வயிற்றில் தங்காமல் நழுவிப்போன பிறகு தங்கியது. அதனால் அதன் பக்கத்தில் எல்லோரும் குரலைத் தாழ்த்தியே பேசினார்கள். சத்தம் போட்டால் கோபித்துக்கொண்டு திரும்பிப் போய்விடுமோ என்கிற பயம்.

அக்காக்காரிக்கு மட்டும் குரலைத் தாழ்த்த வராது. வீட்டில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். வாங்கிய பட்டத்துக்கு இதே ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் ஒப்பந்த வேலை கிடைத்திருந்தது. நிரந்தர வேலைக்கு வேறு மாதிரி ஆட்கள் வேண்டுமாம்.

“மூக்கைப் பாருடி, அப்படியே உன் வீட்டுக்காரர். பாவம் புள்ள.”

“போ அக்கா. கண்ணு உன்னை மாதிரிதான். பொறந்ததுலேருந்து முறைச்சுக்கிட்டே இருக்கா.”

“முறைக்கட்டும். பொம்பளப் புள்ள அதைக் கத்துக்கிட்டே வந்தாத்தான் தேவலை.”

“இப்பவே சொல்லிக் குடு, நல்லா விளங்கும்,” என்றாள் அம்மா, துணி மடித்தபடி. ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அப்போதுதான் போன் அடித்தது. மேனேஜர்.

“என்னம்மா, எங்க இருக்க? கீழ எல்லா ஸ்க்ரீனும் செத்துக் கிடக்கு. டிஸ்க் போயிடுச்சாம்.”

“லீவுல இருக்கேன் சார். தங்கச்சிக்குக் குழந்தை பொறந்திருக்கு.”

“இதே பில்டிங்லதானே இருக்க? அப்புறம் என்ன லீவு?”

பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். அந்த டிஸ்க் சாகக் கிடக்கிறது, மாற்றுங்கள் என்று அவள் தொண்டை வற்றக் கத்தியபோது ஒருவர் காதிலும் ஏறவில்லை. இப்போது மட்டும் அவள் எந்த மாடியில் இருக்கிறாள் என்பது வரை தெரிகிறது.

“சீக்கிரம் வா அக்கா,” என்று தங்கை அவள் விரலைப் பிடித்துவிட்டாள். “நீ பக்கத்துல இருந்தா இவ அழவே மாட்டேங்கிறா.”

லிஃப்ட் அடித்தளத்தில் கதவைத் திறந்தபோது வெயிலின் சுவடே இல்லை. அங்கே பகலும் ஒன்றுதான், இரவும் ஒன்றுதான். டியூப்லைட் வெளிச்சம், ஈரத்துணி நாற்றம், சலவை இயந்திரங்கள் வயிறு புரளுகிற ஓசை. சலவைக்கூடத்தைத் தாண்டி நடைபாதை திரும்பும் இடத்தில் டேப் அறை, ஆஸ்பத்திரிக் கோப்புகளின் நகலை நாடாவில் எழுதிப் பாதுகாக்கிற இடம். கனத்த இரும்புக் கதவு. உள்ளே போகவும் கார்டு காட்ட வேண்டும், வெளியே வரவும் காட்ட வேண்டும். சுவரோரம் சிவப்பு உருளைகள் வரிசையாக நிற்கும். தீப்பிடித்தால் தண்ணீர் அடிக்க முடியாத அறை. அதனால் வாயு. சைரன் ஊதும், உருளைகள் திறக்கும், காற்றைத் துரத்திவிட்டு வாயு நிரம்பும். அதற்குள் ஆள் வெளியே வந்துவிட வேண்டும்.

போன வருஷம் ஒருவர் வரவில்லை.

அவரை எல்லோரும் டேப்பண்ணன் என்பார்கள். இவள் அவரைப் பார்த்ததில்லை. அவர் செத்துக் காலியான நாற்காலியில்தான் இவளை உட்கார வைத்தார்கள். டியூட்டி நேரத்தில் தூங்கிவிட்டார், சைரன் கேட்கவில்லை என்றது ஆபீஸ். சலவைக்கூடத்துப் பெண்கள் வேறு சொன்னார்கள். அன்றைக்கு அவர் ஒப்பந்தம் முடிகிற நாள். புதுப்பிக்கிற காகிதம் யார் மேஜையிலோ தூங்கியது. தூங்காதது கம்ப்யூட்டர். நேரம் வந்ததும் அவர் கார்டைச் செல்லாததாக்கிவிட்டது. கொஞ்ச நேரத்தில் ஏ.சி.க்குள் தூசி கருகி, புகை கண்டு, சைரன் ஊதியது. அவர் கார்டைக் காட்டக் காட்டக் கதவு சிவப்பு விளக்கையே காட்டியதாம். தட்டுகிற சத்தம் சலவை இயந்திர ஓசையில் கலந்துபோய் யாருக்கும் உறைக்கவில்லை.

அதைக் கேட்ட நாளிலிருந்து அவள் அறைக்குள் நுழையும்போதெல்லாம் வாய்க்குள் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிக்கொள்வாள். இன்றும் சொன்னாள்.

புது டிஸ்கை யாரோ பொருத்திவிட்டுப் போயிருந்தார்கள். சுத்தமான, காலியான டிஸ்க். இனி அவள் வேலை, டேப்பில் இருக்கிற ஆஸ்பத்திரியை அதில் இறக்குவது.

அதற்கு இரண்டு டேப்புகள். ஒன்று முழு டேப். போன வருஷம் ஒருநாள் ஆஸ்பத்திரியின் மொத்தக் கோப்புகளும் எப்படி இருந்தனவோ அப்படியே. டேப்பண்ணன் கையால் எழுதியது. எழுதிய மறுநாள்தான் அவர் செத்தார். அதற்குப் பிறகு புதிதாக ஒரு முழு டேப் எழுத யாரும் அனுமதி தரவில்லை. இன்னொன்று நேத்து டேப். ஒவ்வொரு இரவும் கருவி தானாக எல்லாவற்றையும் முழு டேப்போடு ஒப்பிட்டுப் பார்த்து, அதற்குப் பிறகு என்ன வந்தது, என்ன போனது என்பதை மட்டும் ஒரு டேப்பில் எழுதும். முதலில் முழு டேப், அதன் மேல் நேத்து டேப். இரண்டும் இறங்கினால் ஆஸ்பத்திரி நேற்று இரவில் வந்து நிற்கும். நேற்றுப் பிறந்த குழந்தைகளெல்லாம் அந்த இரண்டாவது டேப்பில்தான் இருக்கிறார்கள்.

டார் என்கிற அந்தக் கருவி ஒரு பழைய கம்ப்யூட்டர் நிரல். அதற்குப் படமும் இல்லை, பொத்தானும் இல்லை. கறுப்புத் திரையில் ஒரு வரி தட்ட வேண்டும். சொன்னதைச் செய்யும். ‘நிச்சயமா?’ என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேட்காது. மனுஷர்களை விட நேர்மையானது என்று அவளுக்கு அதன் மேல் ஒரு மரியாதை. ஒரு குணம் மட்டும் கடுமையானது. இந்த மாதிரி மீட்கும்போது, டேப் எழுதிய நாளில் எது அங்கே இல்லையோ அதை அழித்துவிடும். போனவை திரும்பி வந்து குழப்பக்கூடாது, வராதவை முன்னாலேயே வந்து நிற்கக்கூடாது என்பதற்காக. இன்னொன்று, நாம் எங்கே நின்று கட்டளை இடுகிறோமோ அங்கேதான் இறக்கும். அதனால் முதலில் புது டிஸ்குக்குள் போய் நின்றுகொள்ள வேண்டும். அப்புறம்தான் கட்டளை.

முழு டேப்பைச் செருகினாள். இயந்திரம் அதைக் கவ்வி இழுத்துக்கொண்டது. தொடக்கத்துக்குச் சுற்றச் சொன்னாள். சுற்றி நின்றது. அடுத்து டிஸ்குக்குள் போகிற வரியைத் தட்ட விரலை வைத்தாள்.

போன்.

“இன்னும் எவ்வளவு நேரம்மா? டாக்டருங்க கத்துறாங்க. உன்னால முடியாதுன்னா சொல்லிடு, தெரிஞ்ச ஆளா கூப்பிட்டுக்கறேன்.”

“தாராளமா கூப்பிடுங்க சார். அவர் வந்து சட்டையைக் கழட்டி மாட்டுறதுக்குள்ள நான் முடிச்சிருப்பேன்.”

போனை மேஜையில் அறைந்தாள். அதே வேகத்தில் கட்டளையைத் தட்டி எண்டரையும் அறைந்தாள்.

டேப் ஓடத் தொடங்கியது. உள்ளுக்குள் யாரோ மூச்சை இழுத்து இழுத்து விடுகிற மாதிரியான சத்தம். திரையில் கோப்புப் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. அவள் நாற்காலியில் சாய்ந்து, கோபம் தணியக் கண்ணை மூடிக்கொண்டாள்.

திறந்தபோது வரிகள் மாறியிருந்தன.

‘அழிக்கிறது’ என்றது ஒரு வரி. அடுத்ததும் ‘அழிக்கிறது’ என்றது. அதற்கடுத்ததும்.

காலி டிஸ்கில் அழிக்க என்ன இருக்கிறது?

குனிந்து படித்தாள். அடித்தளம். அலமாரி. நாற்காலி மேல் சால்வை. அழிக்கிறது. முதல் மாடி. இரண்டாம் மாடி. மூன்றாம் மாடி, பிரசவ வார்டு, ஜன்னலோரக் கட்டில்.

நிறுத்துகிற விசைகளைச் சேர்த்து அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள்.

நிறுத்த ஒன்றும் இல்லை. வேலை முடிந்து, கருவி அடுத்த கட்டளைக்குக் காத்திருந்தது.

திரையை மேலே நகர்த்தி, தான் தட்டிய வரிகளைப் பார்த்தாள். டேப்பைச் சுற்றிய வரி இருந்தது. இறக்கிய வரி இருந்தது. நடுவில் டிஸ்குக்குள் போகிற வரி இல்லை. போன் வந்த இடத்தில் அது விடுபட்டுப்போயிருந்தது. அவள் எங்கேயும் போகவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, இங்கேயே, இந்த ஆஸ்பத்திரி மேலேயே இறக்கு என்று சொல்லியிருக்கிறாள்.

முதலில் வாசனை வந்தது. புதுப் பெயின்ட்.

இந்த அறைச் சுவர் செதில் செதிலாக உதிர்ந்துதான் அவள் பார்த்திருக்கிறாள். இப்போது நீலம் வழவழவென்று மின்னியது. தோளில் குளிர் ஏறியது. நாற்காலியில் போட்டிருந்த சால்வையைத் தேடிய கை வெறும் நாற்காலியைத் தொட்டது. மேஜையில் அவளுடைய கோப்பை இல்லை. மேனேஜர் பேசிய போன் இல்லை. அதே இடத்தில் ஒரு டம்ளர் இருந்தது.

டம்ளரில் டீ. ஆவி பறந்துகொண்டிருந்தது.

“சூடு ஆறிடும்மா. எடுத்துக்கோ, நான் வேற போட்டுக்கறேன்.”

குரல் அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது. மெதுவான, பழகிய குரல். பக்கத்து சீட்டுக்காரர் பேசுகிற மாதிரி.

அவள் திரும்பவில்லை. கழுத்து திரும்ப மறுத்தது.

“பயப்படாத. ஒண்ணும் பண்ண மாட்டேன். எனக்கு என்ன தெரியும், டேப் மாத்தத் தெரியும், அவ்வளவுதான்.”

திரும்பினாள். அலமாரிக்கும் சிவப்பு உருளைகளுக்கும் நடுவில் ஒரு மடக்கு நாற்காலியில் நடுவயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் ஒப்பந்த ஊழியருக்கான மஞ்சள் கயிறு, அதில் கார்டு. அவள் கழுத்திலும் அதே மஞ்சள்தான். மனுஷன் பார்க்க ரொம்பச் சாதாரணமாக இருந்தார். அதுதான் தாங்க முடியவில்லை.

“டேப்பண்ணனா?” என்றாள். சத்தம் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

“அப்படித்தான் கூப்பிடுவாங்க.”

“நீங்க…”

“நாளைக்குத்தான்மா,” என்றார் அவர். “நீ இறக்கின டேப்புக்கு நான் நாளைக்குத்தான் சாகணும். இன்னைக்கு நல்லாத்தான் இருக்கேன்.”

சுவரில் இன்டர்காம் இருந்தது. அவள் பாய்ந்து எடுத்து மூன்றாம் மாடி எண்ணை அழுத்தினாள். நர்ஸ் எடுத்தாள். ஜன்னலோரக் கட்டில் என்றதும், “இருங்க, அவங்க அம்மா இங்கதான் நிக்கிறாங்க,” என்றாள்.

“அம்மா! குழந்தை எங்கம்மா? பக்கத்துல இருக்கா?”



“ஏண்டி,” என்றாள் அம்மா. குரல் அழுது அழுது கரகரத்திருந்தது. “இப்பத்தான் டாக்டர் வந்து ஒண்ணும் இல்ல, எல்லாம் கலைஞ்சுபோச்சுன்னு சொல்லிட்டுப் போனாரு. இவ சுவத்தைப் பாத்துப் படுத்துக்கிட்டுத் திரும்ப மாட்டேங்கிறா. ரெண்டாவது தடவைடி. நீயும் சேர்ந்து இப்படிக் கேக்கலாமா?”

பின்னால் தங்கையின் அழுகை கேட்டது. நெஞ்சுக்குள்ளேயே அடக்கி அடக்கி அழுகிற அழுகை. அந்த அழுகை அக்காக்காரிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. போன வருஷம் அதே கட்டிலின் காலடியில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டிருக்கிறாள்.

இன்டர்காமை மாட்டினாள்.

நேத்து டேப். அது இறங்கிவிட்டால் போதும். நேற்றிரவு வரை எல்லாம் அதில் இருக்கிறது. எங்கே நின்று முதல் டேப்பை இறக்கினாளோ அங்கேயே நின்று இரண்டாவதையும் இறக்க வேண்டும், அவ்வளவுதான். கட்டளையிட்டவளையும் டேப்புகளையும் மட்டும் கருவி விட்டுவைத்திருந்தது; மேஜையில் அதன் பெட்டி இருந்தது. கையை நீட்டினாள்.

“அதைப் போட்டா என்ன ஆகும்னு யோசிச்சியா?” என்றார் டேப்பண்ணன்.

அவள் கை நின்றது.

“ஒவ்வொரு ராத்திரியும் அது ஓடும்போது நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். என்னை வச்சுத்தான் ஒப்பிட்டுப் பாக்கும். முழு டேப்புல இருந்தானே அந்த ஆளு, இப்ப இருக்கானான்னு பாக்கும். இல்லன்னு எழுதும். மறுநாளும் பாக்கும். மறுபடி இல்லன்னு எழுதும். ஒரு ராத்திரி விடாம. ஒரு மனுஷனுக்கு எத்தனை தடவைம்மா சொல்லுவாங்க, நீ இல்லன்னு?”

அவள் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். பயத்தால் மட்டும் அல்ல.

“என் கார்டைக் கேன்சல் பண்ணினது அவங்க,” என்றார். “பொண்டாட்டிகிட்டப் போயி தூங்கிச் செத்தான்னு சொன்னது அவங்க. சரி, அவங்களை எனக்குத் தெரியும். ஆனா அந்த டேப்பைப் போட்டு மறுபடி என்னைச் சாகடிக்கப் போறது நீ.”

“மேல என் தங்கச்சிக்குக் குழந்தை பொறந்துச்சு அண்ணே. நேத்து. அது அதுலதான் இருக்கு.”

“தெரியும்மா.”

“அப்ப என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?”

அவர் எழுந்தார். நாற்காலி கிறீச்சிடவில்லை. அலமாரியிலிருந்து ஒரு டேப்பை எடுத்து வந்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

“இது காலி டேப். இங்க இப்ப இருக்கிறதை அப்படியே இதுல ஒருதடவை எழுதிடு. என்னையும் சேத்து. அப்புறம் உன் டேப்பைப் போட்டுக்கோ. உன் புள்ள உனக்கு வந்துடும். நான் இதுல ஓரமா இருந்துக்கறேன். என்னைக்காவது யாராவது இறக்குவாங்க.”

நியாயமாகத்தான் பட்டது. அவரைக் கொல்லாமலே குழந்தையை மீட்க ஒரு வழி. அவள் டேப்பை வாங்கினாள். ஐஸ் கட்டியை எடுத்த மாதிரி உள்ளங்கை விறைத்தது. செருகினாள். எழுதுகிற கட்டளையைத் தட்டினாள். எண்டர் மட்டும் பாக்கி.

விரல் தயங்கியது.

எழுதுமுன் படி. இந்த வேலைக்கு வந்த புதிதில், காலி என்று நம்பி ஒரு டேப்பின் மேல் எழுதித் தொலைத்த ஒருவரை எல்லோர் முன்னாலும் நாறடித்ததைப் பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து, கடவுளே வந்து காலி டேப் என்று கொடுத்தாலும் அவள் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவாள். தட்டிய வரியை அழித்தாள். உள்ளே என்ன இருக்கிறது, காட்டு என்று தட்டினாள்.

“நேரமாகுதும்மா,” என்றார் அவர், காதருகே. எப்போது அவ்வளவு பக்கத்தில் வந்தார்?

டேப் மூச்சிழுத்தது. திரையில் வரிகள் ஏறின.

மூன்றாம் மாடி. பிரசவ வார்டு. ஜன்னலோரக் கட்டில். பெண் குழந்தை.

காலி டேப் இல்லை. அதுதான் நேத்து டேப். மேஜைமேல் இருந்தது வெறும் பெட்டி.

ஒரு எண்டர். ஒரே ஒரு எண்டர் தட்டியிருந்தால் தங்கையின் குழந்தைமேல் இந்த மனுஷனை எழுதியிருப்பாள்.

“த்தூ,” என்றாள். பயம் எங்கேயோ போய், அவள் சொந்தக் குணம் திரும்பி வந்தது. “நீயும் அவங்களும் ஒண்ணுதானாய்யா? இன்னும் முழுசா கண்ணு தெரியாத புள்ளை அது!”

அவர் தலையைத் தூக்கவில்லை.

“எனக்குச் சாகப் பிடிக்கலம்மா,” என்றார். “வேற ஒண்ணும் இல்ல.”

எவனோ செய்த கொலையில் மிச்சத்தை அவள் தலையில் கட்டியிருக்கிறார்கள். மாடியில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்திருப்பவன் கையில் ஒரு சொட்டு அழுக்கும் இல்லை. இங்கே இரண்டு மஞ்சள் கயிறுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன.

“மன்னிச்சுடுங்கண்ணே,” என்றாள். டேப்பைத் தொடக்கத்துக்குச் சுற்றினாள். நின்ற இடத்திலேயே நின்று, இறக்கு என்று தட்டினாள். எண்டர்.

டேப் ஓடியது.

ஒரு வருஷம் அவர்கள் மேல் இறங்கத் தொடங்கியது. நீலச் சுவரில் ஒரு கீறல் விழுந்து மெல்ல நீண்டது. டம்ளர் டீயின் ஆவி நின்றது. கருகிய தூசி நாற்றம் மூக்கில் ஏறியது.

டேப்பண்ணன் கதவைப் பார்த்தார்.

“வந்துடுச்சு,” என்றார்.

சைரன் ஊதியது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவர் செத்த நாள் இப்போது இறங்குகிறது. அவள் அதற்குள் நிற்கிறாள். கதவுக்கு ஓடிக் கார்டைக் காட்டினாள். சிவப்பு. மறுபடி காட்டினாள். சிவப்பு. அவள் வேலைக்குச் சேர்ந்தது அவர் செத்த பிறகு. இந்தக் கதவுக்கு இன்னும் அவளைத் தெரியாது.

உருளைகள் சீறின.

வெள்ளைப் புகை தரையோடு தவழ்ந்து வந்தது. கணுக்கால் மறைந்தது. முழங்கால் மறைந்தது. அவள் கதவை இரண்டு கையாலும் அறைந்தாள். பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கையும் அறைந்தது. வெளியே சலவை இயந்திரங்கள் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தன.

மூச்சு இழுத்தாள். வந்தது காற்று இல்லை.

முட்டி மடங்கியது. விழும்போது இடுப்பை இரண்டு கைகள் பிடித்தன. எலும்பு வரை குளிர்ந்த கைகள். கடைசியாக அவரும் விடமாட்டார், கூடவே இழுத்துக்கொள்வார் என்று நினைத்தாள்.

கைகள் அவளை மேலே தூக்கின.

“அலமாரி மேல ஏறு,” என்றது குரல், திணறலோடு. “வாயு கீழதான் நிக்கும். ஏறும்மா. ஏறித் தொலை.”

பிடித்து ஏறினாள். கூரைக்கும் அலமாரிக்கும் நடுவில் ஒடுங்கிப் படுத்தாள். அங்கே கொஞ்சம் காற்று இருந்தது. ஒரு ஆளுக்கு இடம் இருந்தது. கையைக் கீழே நீட்டினாள்.

“அண்ணே, கையைக் குடுங்க. அண்ணே!”

வெள்ளைக்குள்ளிருந்து யாரும் கையைப் பிடிக்கவில்லை. தட்டுகிற ஓசை மட்டும் வந்தது. முதலில் வேகமாக. அப்புறம் இடைவெளி விட்டு. அப்புறம் அதுவும் இல்லை.

டேப் நின்றது.

அறை தெளிவாக இருந்தது. சுவர் செதில் செதிலாக உதிர்ந்திருந்தது. நாற்காலியில் அவள் சால்வை, மேஜையில் அவள் போன். இறங்கி, போனை எடுத்துக்கொண்டு, தள்ளாடிப் போய்க் கார்டைக் காட்டினாள். பச்சை. கதவு திறந்தது.

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியேறினாள். மூன்றாவது மாடியில் வெயில் இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது.

“என்னடி இது கோலம்? பேயறைஞ்ச மாதிரி?” என்றாள் அம்மா.

அவள் கட்டிலருகே மண்டியிட்டு, துணியை விலக்கிப் பார்த்தாள். குழந்தை முறைத்தது. மூக்கு, கண்ணு, வாய், பத்து விரலும் இருந்தன. அவள் வாழ்க்கையில் முதன்முறையாகச் சத்தமில்லாமல் அழுதாள்.

“அக்கா, கை ஏன் இப்படி ஜில்லுன்னு இருக்கு?” என்றாள் தங்கை.

போன் அடித்தது. மேனேஜர்தான்.

“என்னம்மா பண்ணிக்கிட்டிருக்க? இன்னும் ஒரு ஸ்க்ரீன்லயும் ஒண்ணும் வரலையே! டிஸ்க் காலியாவே கிடக்கு!”

போனைக் காதில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். உண்மைதான். அவள் இறக்கிய இரண்டு டேப்பும் டிஸ்கில் இறங்கவே இல்லை. வேலை தொடங்கிய இடத்திலேயே இருக்கிறது. முழு டேப்பை மறுபடி போட வேண்டும்.

“வேற ஆளைக் கூப்பிடுங்க,” என்றாள்.

“கூப்பிட்டாச்சு. புதுசா ஒரு பொண்ணு, கீழதான் வந்துக்கிட்டிருக்கு. டேப் எது என்னன்னு காட்டி விட்டுட்டுப் போ.”

அந்தப் பெண்ணும் அதே ஒரு வரியை விட்டுவிட்டால்? அவளுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்று மட்டும்தான் தோன்றியது. ஓடினாள்.

அடித்தளத்தில் சலவை இயந்திரங்களை எதற்கோ நிறுத்தியிருந்தார்கள். அப்படி ஒரு அமைதியில் அந்த நடைபாதையை அவள் பார்த்ததே இல்லை. அதனால்தான் கேட்டது.

தட்டுகிற சத்தம். டேப் அறைக் கதவின் உள்பக்கத்திலிருந்து.

கார்டைக் காட்டினாள். பச்சை. இழுத்துத் திறந்தாள். உள்ளே யாரும் இல்லை. விளக்கு எரிந்தது. நாற்காலி, மேஜை, சால்வை. கதவைச் சுவரோடு சாய்கிற வரை அகலத் திறந்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“திறந்துட்டேன் அண்ணே,” என்றாள். “வாங்க. வெளிய வந்துடுங்க.”

ஒன்றும் அசையவில்லை. யாரும் அவளைக் கடந்து போகவில்லை.

உள்ளங்கைக்குக் கீழே இரும்பு அதிர்ந்தது. மறுபடி அதிர்ந்தது.

அகலத் திறந்திருந்த கதவை உள்ளேயிருந்து ஒருவர் தட்டிக்கொண்டே இருந்தார்.